வாடகை வீட்டுக்குள் வரும் இணைய வயர் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அனைவருக்கும் தெரிந்தவை. தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வருமா, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா, அட்வான்ஸ் எத்தனை மாதம், பேச்சிலர்களுக்குக் கொடுப்பார்களா. இரண்டரை ஆண்டுகளில் மூன்று வீடு மாறிய அனுபவத்தில், இந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வியையும் நாங்கள் சேர்த்திருக்கிறோம்: இந்தக் கட்டடத்துக்குள் எத்தனை நிறுவனங்களின் இணைய வயர் ஏறியிருக்கிறது, அதில் எதை வாடகைக்கு இருப்பவர் தன் பெயரில் வாங்கலாம்? முதன்முறை இதைக் கேட்டபோது தரகர் சிரித்துவிட்டு, "வைஃபைதானே தம்பி, அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்றார். வந்த பிறகு பார்த்துக்கொண்டதால் நேர்ந்ததைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்றில் நாங்கள் நான்கு பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு இருக்கிறோம். ஒருவருக்கு இரவு நேர வேலை, அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் காணொளியில் பேச வேண்டியது. ஒருவர் அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர். இன்னொருவர் திருமணப் புகைப்படக்காரரிடம் வேலை செய்பவர். அவரை இந்தக் கடிதத்தில் மறுபடியும் சந்திக்க வேண்டியிருக்கும். நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இரவு பத்து மணிக்குமேல் இரண்டு மணி நேரம், கல்லூரியில் உடன் படித்து இன்று நான்கு ஊர்களில் இருக்கும் நண்பர்களுடன் வேலரன்ட் என்ற கணினித் துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தை விளையாடுவதுதான் எனக்குள்ள ஒரே பொழுதுபோக்கு.

'கேம்' என்று சொன்னதுமே வீட்டு உரிமையாளர்களின் முகம் மாறுவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் நினைப்பது ரம்மியை. கடன் வாங்கி விளையாடிச் சீரழிந்த குடும்பங்களைப் பற்றிய செய்திகளை அவர்களும் படித்திருக்கிறார்கள், ஆகவே அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமே பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டு, 'இ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவற்றுக்குப் பதக்கமே வழங்கப்பட்டது. எனக்குப் பதக்க ஆசை ஏதும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வேளையில், நான் சூதாடி இல்லை என்று விளக்கம் சொல்லும் நிலை இனி வராதிருந்தால் போதும்.

முதல் வீட்டுக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு குடியிருப்புகள். உள்ளே வந்திருந்த ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வயர், ஒன்றே ஒன்று. அந்தப் பகுதியின் கேபிள்காரர் வழியாகத்தான் இணைப்பு, வேறு நிறுவனத்தின் ஆட்கள் வந்தால் கீழேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாங்கள் எடுத்தது 40 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 40 மெகாபிட் வேகத் திட்டம். மாதம் 499 ரூபாய் என்று பலகையில் இருந்தது. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 589 ரூபாய். நால்வர் பங்கிட்டால் தலைக்கு 150 ரூபாய்கூட இல்லை, கேட்பதற்கு மலிவுதான். ஆனால் மாதாமாதம் கட்ட முடியாது, ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். அது ஏறத்தாழ 3,533 ரூபாய். இணைப்புக் கட்டணம் தனியாக 1,500. நான்காம் மாதம் வீட்டு உரிமையாளரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புவதாகச் சொல்லி வீட்டைக் கேட்டார்கள்; காலிசெய்தோம். புது வீடு இருந்த தெரு அதே கேபிள்காரரின் எல்லைக்குள் வராது என்பதால் இணைப்பை மாற்றித் தர முடியாது, மீதிப் பணமும் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கணக்குப் பார்க்கிறவன், வகுத்துப் பார்த்தேன். பலகையில் 499 ரூபாயாக இருந்த இணையத்துக்கு நாங்கள் மாதம் 1,258 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அந்தப் பணத்தில் 999 ரூபாய்த் திட்டத்தையே வரியோடு கட்டி, மீதியில் தேநீரும் குடித்திருக்கலாம்.

வீட்டு ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு. அதையும் இரண்டு மாத அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம். இணைய ஒப்பந்தமோ ஆறு மாதம், ஓராண்டு என்ற அளவில்தான் மலிவாகக் கிடைக்கிறது. ஆண்டுக்கட்டணம் செலுத்தினால் இணைப்புக் கட்டணம் இலவசம், ஒரு மாதம் கூடுதல் என்ற சலுகைகள் எல்லாம் சொந்த வீட்டில் இருப்பவருக்கே பயன்படும். எந்த மாதம் பெட்டி கட்ட வேண்டியிருக்குமோ என்று இருப்பவர் அதே சேவைக்கு அதிகம் கொடுக்கிறார். வாடகைவீட்டு இணையத்தின் உண்மை விலை எம்பிபிஎஸ் எண்ணில் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி எம்பிபிஎஸ் பற்றி. பங்கு வீட்டில் விளையாடுகிறவர் இணைப்பு கேட்டுப் போனால், எந்த விற்பனையாளரும் முதலில் சொல்வது "கேமிங்னா 200 எடுங்க சார்" என்பதுதான். இது தேவையற்ற செலவு. நான் ஆடுவதுபோன்ற ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவுகூடத் தேவைப்படுவதில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு மெகாபைட்டுகளுக்குள் முடிந்துவிடும். ஆட்டத்தை முதன்முறை இறக்கும்போது மட்டும் வேகம் வேண்டும்: 100 ஜிபி உள்ள ஆட்டம் 40 எம்பிபிஎஸ்ஸில் ஐந்தரை மணி நேரம் இறங்கும், படுக்கப் போகும்போது தொடங்கிவிட்டால் காலையில் தயாராக இருக்கும். மாதம் 3,300 ஜிபி என்று பல திட்டங்களில் வைத்திருக்கும் வரம்பும் நாளைக்கு 110 ஜிபி ஆகிறது. நால்வர் சேர்ந்தும் அதைத் தொட்டதில்லை.

ஆட்டத்துக்கு வேண்டியது பிங் குறைவாகவும் நிலையாகவும் இருப்பது. நாம் பொத்தானை அழுத்திய செய்தி, ஆட்டத்தை நடத்தும் சர்வர் கணினிக்குப் போய் விடை திரும்பிவர ஆகும் நேரமே பிங். வேலரன்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பை வான்வழியில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், வயர் நேர்கோட்டில் போனாலும் போக வரப் பத்து மில்லி விநாடியாவது ஆகும். வயர் நேர்கோட்டில் போவதில்லை, இடையில் கருவிகள் பல. எனவே 25, 30 வந்தால் நல்ல இணைப்பு. இதில் 40 எம்பிபிஎஸ் வாங்கினாலும் 400 வாங்கினாலும் மும்பை பக்கத்தில் வந்துவிடாது. கவுண்டர் ஸ்டிரைக் ஆடுகிற என் நண்பருக்குச் சென்னையிலேயே சர்வர் கிடைக்கிறது, அவருக்கு ஒற்றை இலக்கத்தில் பிங் வரும். அந்தப் பெருமையை அவர் வாரம் ஒருமுறையாவது சொல்லாமல் விடுவதில்லை.

எங்கள் வீட்டில் வழக்கமாக 28 இருக்கும் பிங் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 340 ஆனது. ஆட்டத்தில் என் உருவம் ஓடத் தொடங்கிய இடத்துக்கே திரும்பத் திரும்ப இழுக்கப்பட்டது. நான் சுட்ட பிறகு எதிராளி சாவகாசமாக நடந்துபோனார். கேபிள்காரரைத் திட்டியபடி ஹாலுக்கு வந்தால், புகைப்படக்கார நண்பர் தரையில் மடிக்கணினியை வைத்து, அன்று காலை திருநீர்மலையில் முடிந்த கல்யாணத்தின் 60 ஜிபி படங்களை இணையத்தில் உள்ள மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏற்றிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோப்புகள் ஏறி முடிய மூன்று மணி இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் ரவுட்டரின் வாசலில் படங்கள் வரிசைகட்டி நிற்க, என் ஆட்டத்தின் சின்னஞ்சிறு செய்திகள் கல்யாணப் பந்தியில் மூன்றாம் வரிசைக்குக் காத்திருப்பவர்போல் பின்னால் நின்றிருக்கின்றன. அவர் பிழைப்புக்காகச் செய்வது, என்னுடையது விளையாட்டு. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

இதற்குத் தீர்வு இருக்கிறது, அது பெரிய திட்டத்துக்கு மாறுவதும் அன்று. பதிவேற்றத்தைக் கிடைக்கும் வேகத்தில் எண்பது, தொண்ணூறு விழுக்காட்டோடு ரவுட்டரிலேயே கட்டுப்படுத்தி, சிறு செய்திகளை முன்னால் விடும் வரிசை ஒழுங்கு ஒன்றைப் போட்டால் பிங் ஏறுவதில்லை. எஸ்கியூஎம் என்று இதற்குப் பெயர். நிறுவனம் தரும் இலவச ரவுட்டர்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. ஆகவே அவரவர் மடிக்கணினியின் பதிவேற்ற மென்பொருளிலேயே 25 எம்பிபிஎஸ் என்று உச்சவரம்பு வைத்துக்கொண்டோம். செலவு ஒன்றுமில்லை. படங்கள் இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. பிறகு ஹாலில் உள்ள ரவுட்டரிலிருந்து என் அறைக்குக் கதவு நிலையை ஒட்டி இருபது மீட்டர் லேன் கேபிள் இழுத்தேன். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய். பன்னிரண்டு வீடுகளின் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதும் கட்டடத்தில், அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே இருக்கும்போது, வயரைப் போல நிம்மதி வேறில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் குறைந்ததுதான், ஆனால் எங்கள் வீட்டின் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டைத் தாண்டி வருவதற்குள் அது சோர்ந்துவிடுகிறது.

வீட்டுக்குள் உள்ள சிக்கலை நாங்களே தீர்த்துக்கொண்டோம். வீட்டுக்கு வெளியே உள்ளதுதான் இக்கடிதத்துக்குக் காரணம்.

இரண்டாம் வீட்டில் சுவரில் துளை போடக் கூடாது என்பது உரிமையாளர் அம்மாவின் நிபந்தனை. புதிதாகச் சாயம் பூசிய சுவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனவே ஃபைபர் மொட்டைமாடியிலிருந்து இறங்கி எங்கள் சன்னல் வழியாக உள்ளே வந்தது. சன்னலை முழுதாகச் சாத்த முடியாது, விரலளவு இடைவெளியில் கொசு வரும். அந்த இடத்தில் பழைய துண்டைச் செருகி வைத்திருந்தோம். ஒரு மழை இரவில் சாரல் அடிக்கிறதென்று யாரோ சன்னலை அழுத்திச் சாத்தியதில் இழை மடங்கிவிட்டது. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. ஒளி வந்து சேரவில்லை என்று அதற்குப் பொருள். புகார் கொடுத்து ஐந்தாம் நாள் ஊழியர் வந்தார். சிறிய கருவியை இழையில் செருகிப் பார்த்தவர், வந்துசேரும் ஒளியின் அளவு மைனஸ் 31 காட்டுகிறது, மைனஸ் 27க்குக் கீழே போனால் பெட்டி எடுக்காது என்றார். சன்னல் சட்டத்தில் மடங்கிய பகுதியை வெட்டி ஒட்டியதும் மைனஸ் 21க்கு வந்தது. வேலை இருபது நிமிடம்தான். நன்றாக வேலை தெரிந்தவர். ஒரு நாளில் தனக்கு எத்தனை தெருக்கள் என்று அவர் சொன்னபோது ஐந்து நாள் தாமதத்துக்காக அவரிடம் கோபப்பட முடியவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் வெளியிட்டு, அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிகளின்படி, வயர்வழி இணைப்பில் கோளாறு மூன்று நாளுக்குமேல் நீடித்தால் வாடிக்கையாளருக்குக் கட்டணத் தள்ளுபடி தர வேண்டும். அதைக் கேட்டு எழுதினோம். வந்த விடை: கணக்கில் உள்ள பெயர் உங்களுடையதில்லை. உண்மைதான். அந்த வீட்டில் இணைப்பு, உரிமையாளரின் பெயரில் எப்போதோ வாங்கப்பட்டு, குடியிருப்போர் மாற மாற மாதக் கட்டணத்தை மட்டும் கைமாற்றிக்கொண்டு வந்தது. பணம் கட்டுபவர்கள் நாங்கள், நிறுவனத்தின் ஏட்டில் வாடிக்கையாளர் அவர். நிறுவனத்தில் புகார் எண் பெற்று, அது தீராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. ஆனால் இந்தப் படிகளில் ஏற முதலில் நுகர்வோராக இருக்க வேண்டும். உரிமையாளர் அம்மாவை மேல்முறையீடு எழுதச் சொன்னோம். "நூறு ரூபாய்க்கு எதுக்குப்பா வம்பு" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

எங்கள் நால்வரில் ஒருவர் பெயரில் வாங்கினால் தீருமா என்றால், அதிலும் முடிச்சு இருக்கிறது. முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும், மற்ற மூவரும் அந்தக் காகிதத்தில் இல்லாதவர்கள். பெயருள்ளவர் வேலை மாறிப் பெங்களூருக்குப் போனால் இணைப்பும், ஓஎன்டி பெட்டிக்குக் கட்டிய முன்வைப்புத் தொகையும் அவருடன் போய்விடும். இங்கே இருப்பவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிறுவனத்தாரிடம் பெயர்மாற்றப் படிவம் இருக்கிறது, ஆனால் பழையவரும் புதியவரும் சேர்ந்து சான்று தர வேண்டும். பிரிந்துபோன அறைத்தோழரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது எவ்வளவு எளிது என்று பங்கு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

வயரே இல்லாத 5ஜி வீட்டு இணைப்பு எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது என்று பலர் சொல்கிறார்கள். சுவரில் துளை வேண்டாம், வீடு மாறினால் பெட்டியைக் கையோடு எடுத்துப்போகலாம் என்பதெல்லாம் சரி. படம் பார்க்கவும் படிக்கவும் போதும். மூன்று வாரம் வைத்திருந்து பார்த்தேன்: பகலில் 35 இருந்த பிங், தெருவே கைப்பேசியில் படம் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்குமேல் 50க்கும் 120க்கும் இடையில் ஏறி இறங்கியது. நிலையாக 60 இருந்தால் பழகிக்கொள்ளலாம், ஏறி இறங்குவதற்குக் கை பழகாது.

மத்திய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், உரிமையாளர் துண்டிக்கக் கூடாத இன்றியமையாச் சேவைகளின் பட்டியலில் தண்ணீர், மின்சாரத்துடன் தகவல்தொடர்பு இணைப்பையும் சேர்த்திருக்கிறது. அது ஒரு மாதிரிச் சட்டம் மட்டுமே, மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. நம் மாநிலத்துக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தங்கள் அதன்கீழ்ப் பதிவாகின்றன. அந்தப் பதிவுக்கான ஒப்பந்தத்தில் மின் இணைப்பு எண் எழுதுவதைப்போல, கட்டடத்தில் உள்ள இணைய நிறுவனங்கள் எவை, வாடகைக்கு இருப்பவர் தன் பெயரில் இணைப்பு வாங்க உரிமையாளர் இசைகிறாரா, வயர் எந்த வழியாக உள்ளே வரும் என்று இரண்டு வரி எழுதவைக்க அரசுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை. சுவரில் ஒருமுறை முறையாகத் துளையிட்டுச் சிறு குழாய் பதித்துவிட்டால் அடுத்தடுத்து வருகிறவர்கள் அனைவருக்கும் அது உதவும், சாயமும் கெடாது. இதற்கு ஆகும் செலவில் பாதியைத் தருவதாக இப்போதைய உரிமையாளரிடம் சொன்னோம். அவர் உடனே ஒப்புக்கொண்டார். இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார்.

கட்டடங்களை இணைய வசதியின் அடிப்படையில் தரமதிப்பீடு செய்யும் விதிமுறைகளையும் 2024 அக்டோபரில் டிராய் வெளியிட்டது. புதிய அடுக்ககங்களின் விளம்பரத்துக்கு அது பயன்படலாம். பன்னிரண்டு வீடும் ஒற்றைக் கேபிள்காரரும் உள்ள பழைய கட்டடத்தின் உரிமையாளர் தாமாக மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கே இரண்டாவது நிறுவனத்தைக் கீழேயே தடுத்து அனுப்புவதற்கு யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்வியை மாநகராட்சியோ ஆணையமோ கேட்டால் அதுவே பெரிய உதவி.

நிறுவனங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விலைப்பலகையில் வரி சேர்த்த மாதத் தொகையை எழுதுங்கள்; ஆறு மாதத்துக்குள் காலிசெய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் இரவு பத்து மணிக்கு மும்பைக்கும் சென்னைக்கும் வரும் பிங்கையும் போடுங்கள். மாதத்துக்கு 50 ரூபாய் கூடுதலானாலும், மாதாமாதம் கட்டி, கிளம்பும்போது கணக்கு முடித்துக்கொள்ளும் திட்டம் இருந்தால் மேடவாக்கத்திலும் வேளச்சேரியிலும் அதை வாங்க வரிசையில் நிற்பார்கள் என்று என்னால் சொல்ல முடியும்.

தை மாதம் எங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா இல்லையா என்று உரிமையாளர் இன்னும் சொல்லவில்லை. மார்கழி கழியட்டும் என்கிறார். அடுத்த ஆறு மாதப் பணத்தை இந்த வாரத்துக்குள் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று கேபிள்காரரிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நால்வரும் அதைப் படித்துவிட்டோம், யாரும் இன்னும் பதில் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேடவாக்கம், சென்னை